பாதி இருக்கை

பாலத்துக்கு இந்தப் பக்கம்
புளியமரத்தடியில் வேன் நிற்கும்.
"ஒம்போது பேர் எறங்குங்க" என்பார் தீர்த்தகிரி,
கண்ணாடியைத் துடைத்தபடி,
யாரையும் பார்க்காமல்.

பதினெட்டுப் பேர் நாங்கள்.
இருக்கையில் பாதிதான் ஏற்றலாம் என்று உத்தரவு.
மாம்பழத்துக்கு அந்த உத்தரவு இல்லை.
தார்ப்பாய் புடைக்க பெங்களூரா
லாரி லாரியாய்க் காவேரிப்பட்டணம் போகும்.
கூழ் ஆலை அத்தியாவசியமாம்.
தோல் சீவும் கை
அதில் பாதி.

யார் இறங்குவது என்று முதல் வாரம் சண்டை.
பிறகு ஒரு கணக்குக்கு வந்தோம்.
ஒற்றைப்படைத் தேதிக்கு நெடுங்கல்காரர்கள் நடக்க வேண்டும்,
இரட்டைப்படைக்குப் பண்ணந்தூர் நாங்கள்.
நெடுங்கல் சாலம்மா மாசமாயிருந்தாள்.
அவள் நடையை எங்கள் திம்மக்கா வாங்கிக்கொண்டாள்,
தன் நடையோடு சேர்த்து,
தினமும்.
வண்டிக்குள் மாஸ்க் போட்டால் குமட்டுது என்று
ஒரு காரணமும் சொன்னாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
தென்பெண்ணையில் இறங்குவோம்.
கணுக்கால் நனைகிற ஆறு.
பாறைக்குப் பாறை தாவும்போது
தூக்குவாளிக்குள் களியுருண்டை முட்டும் சத்தம்.
மேலே பாலத்தில்
வேனுக்குள் தலையை விட்டு
போலீஸ்காரர் எண்ணுவது தெரியும்.
ஒருநாள் அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
எங்களையும் பார்த்தார்.
எண்ணவில்லை.

அக்கரையில் ஏறினால் மறுபடி பதினெட்டு.
ஆலை வாசலில்
நெற்றிக்கு நேராக ஒரு துப்பாக்கி.
வண்டியில் வந்தவர்களுக்குத் தொண்ணூற்றேழு.
மணலில் வந்தவர்களுக்கு நூறு, நூற்றொன்று.
"கொழாயில மூஞ்சி கழுவிட்டு வாங்க,
காய்ச்சல் போயிரும்" என்பார் சூப்பர்வைசர்.
போய்விடும்.

ஆளுக்கு ஆள் ஆறடி என்று
தரையில் சுண்ணாம்புக் கோடு.
பத்து மணிக்குள் அதன்மேல் தோல் குவிந்துவிடும்.
மாம்பால் பட்டு வெந்த விரலிடுக்கில்
மணிக்கொரு தரம் சானிடைசர் ஊற்றுவார்கள்.
யாரும் கத்த மாட்டோம், உதறுவோம்.
தூரத்திலிருந்து பார்த்தால்
யாருக்கோ டாட்டா காட்டுகிற மாதிரி இருக்கும்.

ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போது
மாதம்மா ஓர் அழுகல் பழத்தை
மோந்து பார்த்து
நல்ல பழத்தோடு போட்டாள்.
அப்படித்தான் தெரிந்தது.

சுகாதார ஆய்வாளர் சின்னப் பையன்.
பல நாள் தூங்காத கண்.
பிளாஸ்டிக் உடுப்புக்குள்ளிருந்து வழிந்த வேர்வையில்
படிவத்தின் மை கலைந்தது.
"இவங்ககூட வண்டியில வந்தது யார் யாரு?"
சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.
தீர்த்தகிரி டயரைப் பார்த்தார்.
வேனைப் பிடித்துவிடுவார்கள், ஆலையை மூடிவிடுவார்கள்,
வாரக்கூலி இன்னும் தரவில்லை.
நான் ஒன்பது பேர் சொன்னேன்,
மாதம்மாவையும் என்னையும் சேர்த்து.

ஒன்பது மூக்கில் குச்சி விட்டார்கள்.
ஒன்பது வாசலில் தகரம் அடித்தார்கள்.
அரிசியும் பருப்பும்
கபசுரப் பொட்டலமும்
ஒன்பது வந்தன.
மீதி ஒன்பது பேர்
அடுத்த நாள் ஒரே வண்டியில்
இறங்காமலே பாலம் தாண்டினார்கள்.
உத்தரவுப்படி.

ஐந்தாம் நாள் இருட்டினதும்
தகரத்துக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.
திம்மக்கா.
"ஏண்டி, பாலம் தாண்டினா
நான் மாதம்மா மடிமேலதான குந்துவேன்?
எனக்கு எதுவும் வராதா?"
சண்டைக்கு இல்லை.
நிஜமாகவே கேட்டாள்.
தகரத்தைத் தொடாமல், தள்ளியே நின்றாள்.
ஆறடி இருக்கும்.

கதவில் ஒட்டின தாளில் ஒரு நம்பர் இருந்தது.
நாலாவது தடவை எடுத்தான் அந்தப் பையன்.
"விட்டுப்போச்சு சார். இன்னும் ஆளு இருக்கு."
"எந்த வண்டி?"
"வண்டி இல்ல சார். ஆத்துல நடந்து வந்தவங்க."
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு
பேனா தேடுகிற சத்தம்.